அப்பாயியின் பிஸ்கட் டின்: பத்து வாரக் குறிப்பு

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஜூன் முதல் வாரத்தில், இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது, கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் இருந்த, அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், பிஸ்கட் டின்னை வெளியே எடுத்தேன். அப்பாயி இறந்த பிறகு ஒன்பது ஆண்டுகளாக அதை யாரும் திறக்கவில்லை. உள்ளே பதினொரு வெள்ளி ரூபாய்கள் கோத்த காசுமாலை, ஒரு சோடி கொலுசு, ஒரு சோடி பொன் தண்டட்டி (காதில் தொங்கவிடும் பழங்காலக் காதணி), ஏழு கல் தோடு, சந்திரகாந்தக் கல் பதித்த வெள்ளி மோதிரம் ஆகியவை இருந்தன. வெள்ளி என்று சொல்லத்தக்க நிறம் எதிலும் இல்லை. கொலுசு அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலும் சுற்றியுள்ள பொருள்களிலும் இருக்கும் கந்தகமே காரணம். அது வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டு என்னும் கருநிறப் படலத்தை உண்டாக்குகிறது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. கம்பளியில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து போகும் ஊரில், கம்பளிக்கு நடுவே வெள்ளியை வைத்தால் என்ன ஆகும் என்று அந்த டின் நன்றாகவே காட்டியது. கொலுசைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டியிருந்தது. ரப்பரைப் பதப்படுத்தவும் கந்தகம் சேர்க்கப்படுவதால், அது தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் கோடு கிழித்தது போன்ற தனிக் கறுப்பு படிந்திருந்தது.

முதல் ஞாயிறன்று எதையும் கழுவவில்லை. ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுத்து, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

இரண்டாம் வாரத்தில் காசுகளை எடுத்துக்கொண்டேன். மாலையின் நூல் இற்றிருந்ததால் காசுகள் தாமாகவே பிரிந்து வந்துவிட்டன. இந்திய வெள்ளி ரூபாய் இலங்கையிலும் புழங்கிய காலத்துக் காசுகள் அவை: விக்டோரியா அரசியின் தலை உள்ளவை நான்கு, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருடையவை ஐந்து, ஆறாம் ஜோர்ஜ் மன்னருடையவை இரண்டு. பழைய ரூபாயின் முழு எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. கொக்கி கழன்று விழுந்திருந்த ஒரு விக்டோரியா காசை மட்டும் தனியே நிறுத்தபோது 11.21 கிராம் இருந்தது. குறைந்தது எங்கே போயிற்று என்று அத்தையிடம் கேட்டேன். "அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் சாம்பல வச்சுத் தேய்ப்பாங்கம்மா. ராணி மூக்கு அப்பவே போச்சு" என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், உண்மைதான், அரசியின் மூக்கும் நெற்றியும் ஒரே சரிவாக மழுங்கியிருந்தன. கைமாறிக் கைமாறித் தேய்ந்ததும் அந்த எடைக்குறைவில் சேர்ந்திருக்கும். ஆயினும் சாம்பல், திருநீறு, பற்பொடி, பற்பசை ஆகிய எல்லாவற்றிலும் உள்ள நுண்துகள்கள் வெள்ளியை அராவும் என்பதற்கு அந்த மூக்கைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே தேய்க்காமல் கறுப்பை நீக்கும் வழியைச் செய்து பார்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, காசுகளை அத்தாளைத் தொடுமாறு பரப்பி, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவி, 250 மில்லிலீற்றர் சுடுநீரை ஊற்றினேன். கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குவதும் அலுமினியம் கறுப்பதும் கண்ணெதிரே நடந்தன. சற்று நேரத்தில் கூழ்முட்டை நாற்றம் எழுந்ததால் கிண்ணத்தை வெளிவாசலுக்கு எடுத்துச் சென்றேன். இங்கே முக்கியமானது வெள்ளி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தாளைத் தொடாமல் கிடந்த இரண்டு காசுகள் அரைகுறையாகவே வெளுத்தன. ஐந்தாம் ஜோர்ஜ் காசு ஒன்றில், மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் குன்றிமணி அளவுகூட இல்லாத ஒரு யானை தெரிந்தது. 1911இல் வெளியான காசில் அந்த யானை பன்றியைப் போல இருப்பதாக எதிர்ப்புக் கிளம்பியதால் அடுத்த ஆண்டே அதைத் திருத்தி வரைந்தார்கள். எங்களுடையது திருத்திய யானை. துதிக்கை தெளிவாக இருக்கிறது.

ஆறாம் ஜோர்ஜ் காசுகள் இரண்டும் வேறு விதமாக நடந்துகொண்டன. 1940 முதல் அடித்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான். மீதியில் பெரும்பங்கு செம்பு. அதனால் அவற்றின் விளிம்பில் கறுப்போடு பச்சைக் களிம்பும் கட்டியிருந்தது. சோடாத் தண்ணீர் அதை அசைக்கவில்லை. சவர்க்காரக் கரைசலில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் சுரண்டியெடுத்தேன்.

இதே முறையைக் கொலுசுக்கும் செய்தது தவறு. பழைய கொலுசின் கொடிவேலைப்பாட்டில் பள்ளங்கள் கறுப்பாகவும் மேடுகள் வெள்ளையாகவும் இருந்தால்தான் இலையும் மொக்கும் கண்ணுக்குத் தெரியும். சுடுநீர்க் குளியல் மேடு பள்ளம் என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே சுண்ணாம்பு வெள்ளையாக்கிவிட்டது. நல்ல வேளையாக ஒரு காலுக்குரியதை மட்டுமே போட்டிருந்தேன். மற்றதைப் பூந்திக்கொட்டைத் தோலை ஓரிரவு ஊறவைத்து எடுத்த நுரைநீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் மேடுகளை மட்டும் துடைத்தேன். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சோடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான்காம் வாரம் நடந்ததை எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொன் கறுக்காது, ஆகையால் அதற்கு ஆபத்தும் இல்லை என்று எண்ணி, தண்டட்டி இரண்டையும் அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் சவர்க்காரம் கலந்து போட்டுவிட்டேன். கடல்மட்டத்திலிருந்து நாங்கள் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறோம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் அரக்கு இளகுவதற்கு அவ்வளவு சூடுகூட வேண்டியதில்லை. பழைய தண்டட்டியும் அதைப் போன்ற காதணியான பாம்படமும் பெரும்பாலும் மெல்லிய பொன் தகட்டால் செய்து உள்ளே அரக்கு நிரப்பியவை. கனமாகத் தெரிவது பொன் மட்டுமன்று. கிண்ணத்தின் அடியில் செம்பழுப்பாக ஏதோ கசிவதைக் கண்டு பதறி எடுத்தபோது, என் பெருவிரல் அழுந்திய இடம் அப்படியே குழிந்தது. ஆறிய பின் நிறுத்தேன்: ஒன்றில் 0.83 கிராம் குறைவு, மற்றதில் 0.12. கொப்பியில் முதல்நாள் எடை இருந்திராவிட்டால், போனது அரக்கா பொன்னா என்று வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன். கசிந்து உறைந்த அரக்கைச் சுரண்டி நிறுத்தபோது கணக்கு ஏறத்தாழ நேரானது.

குழிந்த தண்டட்டியை டவுனில் உள்ள நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். நிறைந்திருந்தால் மந்தமாகவும், வெறுமையாகிய இடத்தில் கணீரென்றும் கேட்கும் என்று எனக்கும் தட்டிக் காட்டினார். "சுடுதண்ணி காட்டாதீங்க. தொடைச்சாப் போதும், தங்கச்சி" என்பதற்கு மேல் திட்டவில்லை. குழியை எடுக்க வேண்டுமானால் தகட்டைத் திறந்து, மீண்டும் அரக்கு ஊற்றி மூட வேண்டும். தகடு தாங்குமா என்பது திறந்தால்தான் தெரியுமாம். இன்னும் முடிவெடுக்கவில்லை, தண்டட்டி என்னிடமே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழு கல் தோட்டைத் தண்ணீரின் பக்கமே கொண்டுபோகவில்லை. பின்புறம் மூடிப் பதித்த இத்தகைய தோடுகளில் கல்லுக்கு அடியில் மினுமினுப்புத் தாள் வைத்திருப்பார்கள். இடுக்கு வழியே நீர் புகுந்தால் தாள் கறுத்துக் கல் ஒளி இழந்துவிடும். ஈரத்தைப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் கல்லின் முகத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றினேன். சந்திரகாந்தக் கல் மோதிரம் வேறு கதை. அம்பலாங்கொடைக்கு அருகே மீட்டியாகொடையில் கிடைக்கும் கற்களைப் போல இதிலும் நீலச் சாயை ஓடுகிறது. ஆனால் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அதன் கடினம் ஏறக்குறைய 6தான். வீட்டுத் தூசியில் உள்ள மணல்துகளின் கடினம் 7. அதாவது, தூசியோடு சேர்த்து உலர்துணியால் துடைத்தாலே கல்லில் கீறல் விழும். எனவே முதலில் இளஞ்சூட்டு நீரில் அலசித் தூசியைப் போக்கிய பிறகே, இரண்டு சொட்டு சவர்க்காரமும் குழந்தைகளின் பற்தூரிகையும் பயன்படுத்தினேன். குழாய்த் தொட்டியிலும் தண்ணீர் விழும் பீலியிலும் கழுவாமல் கிண்ணத்தில் கழுவினேன். கல் கழன்றால் அது கிண்ணத்தோடு நிற்கும்.

இடையில் ஒரு சிறு பரிசோதனையும் நடந்தது. ஒரே மாதிரி வெளுத்த மூன்று ஐந்தாம் ஜோர்ஜ் காசுகளில் ஒன்றைச் சாக்கட்டித் துண்டோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இட்டேன். ஒன்றைச் சமையலறைத் தட்டில் திறந்து வைத்தேன். மூன்றாவதைப் பழையபடி கம்பளிக்குள் செருகினேன். ஆறு வாரம் கழித்து, உறையில் இருந்தது மாறவில்லை. சமையலறைக் காசின் விளிம்பு வைக்கோல் மஞ்சளாகியிருந்தது. கம்பளிக் காசு முழுவதும் மஞ்சள் தாண்டிப் பழுப்புக்குப் போயிருந்தது. அதற்கடுத்த நிறம் நீலம் கலந்த கறுப்பு. சாக்கட்டி ஈரத்தை உறிஞ்சுமே தவிரக் கந்தகத்தைத் தடுக்காது என்பதால், பலனில் பெரும்பங்கு உறைக்குரியது என்றே நினைக்கிறேன்.

நேற்று காசுகளைப் புதிய பருத்தி நூலில் கோத்தேன். கொக்கி இல்லாத விக்டோரியா காசைப் பற்றவைக்கக் கொடுக்காமல் தனி உறையில் வைத்திருக்கிறேன். மாலையில் இப்போது பத்துக் காசுகளே உள்ளன. வெளுத்துப்போன கொலுசை மட்டும் கம்பளிகளுக்கு நடுவே மறுபடி வைத்துவிட்டேன். பள்ளங்கள் கறுத்ததும் எடுத்து, மேடுகளைத் துடைத்து, சோடியோடு சேர்க்க வேண்டும். தீபாவளிக்குள் கறுத்துவிடும் என்று அத்தை சொல்கிறார்.