சான்யாவுக்கு ரயிலிலேயே போகலாம்

சீனாவின் குவாங்சோவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் சான்யா போகிறேன் என்று சொன்னால் உடனே விமான டிக்கெட் விலையைத்தான் பேசுவார்கள். நான் ரயிலைத்தான் சொல்வேன். ஊரிலிருந்து வந்திருந்த தம்பியோடு அப்படித்தான் போனேன், இன்னொரு தடவை போனாலும் அப்படித்தான் போவேன்.

சான்யா இருப்பது ஹைனான் தீவின் தென்முனையில். தீவுக்கும் சீன நிலப்பரப்புக்கும் நடுவே சியோங்சோ நீரிணை, மிகக் குறுகிய இடத்திலேயே கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் அகலம். பாலம் கிடையாது, ஆனாலும் பெய்ஜிங்கிலிருந்து குவாங்சோ வழியாக சான்யாவுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. எப்படி என்றால், கரைக்கு வந்ததும் ரயிலையே கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் விசா. ஹைனானுக்கு 2018 முதல் 59 நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் வரலாம், மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தம்பி வழக்கமான சுற்றுலா விசா எடுத்து, 2025 அக்டோபரில் தொடங்கிய கொல்கத்தா–குவாங்சோ நேரடி விமானத்தில் வந்தான். சீனாவுக்குள் வந்துவிட்டால் ஹைனான் உள்நாட்டுப் பயணம்தான், அதற்கென்று தனி முத்திரை எதுவும் வேண்டாம்.

டிக்கெட்டை சீன ரயில்வேயின் 12306 செயலியில் எடுத்தோம். பயணத்துக்கு 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போட வேண்டும், இனிஷியல் எல்லாம் செல்லாது. காகித டிக்கெட் தேவையில்லை, பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கிக் கதவில் நம் பாஸ்போர்ட் வேலை செய்யாவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் காட்டிவிட்டுப் போகலாம்.

ராத்திரி முழுக்க சாதாரணப் படுக்கை வண்டி, மூன்று அடுக்கு. பெட்டிக்குப் பெட்டி கொதிநீர்க் குழாய் இருப்பதால் நூடுல்ஸ் டப்பாவோடு ஏறினால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

அப்புறம் துறைமுகம். எனக்கு இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது இந்த இடம்தான். ரயில் நின்று, பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போகிறது, பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி கப்பலின் அடித்தளத்தில் இருக்கும் தண்டவாளங்களில் பக்கம் பக்கமாகத் தள்ளி நிறுத்துகிறார்கள், ஒவ்வொரு தள்ளலுக்கும் படுக்கை ஒரு குலுக்கு குலுங்கும். கொஞ்ச நேரம் ஏசி நின்றது. ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சுவரும் பக்கத்துப் பெட்டியும்தான், கடல் தெரியாது, கீழே இறங்கவும் விடமாட்டார்கள். கடலைக் கடக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி, ஆனால் கழற்றி மாட்டுகிற வேலையோடு சேர்த்தால் சில மணி நேரம் போய்விடும். அத்தனை எடையை அலைமேல் ஏற்றிக் கொண்டுபோகிற இந்த வேலையை, 2003 முதல் தினப்படி வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். தம்பி தூங்கவே இல்லை, ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.

சான்யாவில் இறங்கியதும் அடுத்தது தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும், ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். நாங்கள் எடுத்தது தாதோங்ஹை கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன விடுதி. வரவேற்பில் இருந்த பெண், வெளிநாட்டவரைப் பதிய எங்களுக்குத் தெரியாது, வேறு இடம் பாருங்கள் என்றார். வெளிநாட்டவரைத் தங்க வைக்கத் தகுதி இல்லை என்று ஹோட்டல்கள் திருப்பி அனுப்பக்கூடாது என 2024-லேயே அரசு சொல்லியிருக்கிறது. அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பகுதி போலீஸ் நிலையத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டார், பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினார், அறைச் சாவி கிடைத்தது. குரலை உயர்த்தாமல் நின்றாலே போதும், அந்தப் பெண்ணுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடற்கரைகளில் தாதோங்ஹை ஊருக்குள்ளேயே இருக்கிறது, இலவசம், குளிக்கலாம். யாலோங் விரிகுடாவில் மணலும் தண்ணீரும் இன்னும் சுத்தம். ஹைதாங் விரிகுடாவில் பெரிய பெரிய ரிசார்ட்டுகள் இருக்கின்றன, ஆனால் அங்கே நீரோட்டம் பலமானது, கடலில் இறங்க வேண்டாம். நான்ஷானில் கடலுக்குள் நிற்கும் 108 மீட்டர் குவான்யின் (பௌத்தர்களின் கருணைத் தெய்வம்) சிலையை அவசியம் பாருங்கள், சைவச் சாப்பாடும் அங்கே கிடைக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் ‘முதலாவது சந்தை’ என்றே பெயர் கொண்ட சந்தைக்குப் போங்கள். உயிரோடு இருக்கும் நண்டு, இறாலை நாமே வாங்கி, பக்கத்தில் சமைத்துத் தரும் கடையில் கொடுக்க வேண்டும், சமையலுக்குத் தனிக் கூலி. பலகையில் எழுதியிருக்கும் விலை அரைக் கிலோவுக்கு, கிலோவுக்கு இல்லை, அதனால் எடை போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தீவின் மஞ்சள் மிளகாய்ச் சாந்தைக் கேட்டு வாங்குங்கள், நம் நாக்குக்கே சுர்ரென்று ஏறும். அதோடு தேங்காய்ப்பாலில் பயறு, தர்பூசணி, காடை முட்டையெல்லாம் போட்டுத் தரும் சிங்பூலியாங் ஒரு கிண்ணம். தம்பி எல்லா இடத்திலும் ஊர் கார்டை இணைத்த அலிபே என்ற பணம் கட்டும் செயலியை வைத்தே சமாளித்தான். ஒரு தடவை கட்டுவது 200 யுவானுக்குமேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கிறது, பெரிய பில் என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம் என்றால், டிசம்பர் தொடக்கம் நல்லது. சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும், வடக்கே குளிருக்குப் பயந்து வருகிற கூட்டம் வேறு. ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் காலம், புயல் வந்தால் கப்பல் நிற்கும், கப்பல் நின்றால் ரயிலும் நிற்கும். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் விமானத்தில் போய், ரயிலை வேறொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.