மாருதி 800: பின்சக்கர பேரிங் சத்தத்தைப் பிடித்த கதை

அப்பா 2003-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவில் இரண்டு நாள் சக்கரம் பாதி முங்கத் தண்ணீர் நின்றது. என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்கினோம். சக்கரம் உரசாமல் சுழல உதவும், இரண்டு வளையங்களுக்கு நடுவே இரும்புக் குண்டுகள் வைத்த சக்கர பேரிங்கைப் பற்றி யாருமே நினைக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு உறுமல் ஆரம்பித்தது. 45 கிலோமீட்டர் வேகத்தில் லேசாகத் தொடங்கி, 60-ஐத் தொட்டால் பேச்சுச் சத்தம் கேட்காத அளவுக்கு வந்துவிடும். முதலில் டயரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். புதுத் தாரில் அடங்கும், சிமெண்ட் சாலையில் கூடும். இது எங்கே ஓட்டினாலும் ஒரே மாதிரி. 60-இல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன் (என்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டர் கைவிட்டுவிடும்). என்ஜின் சத்தம் இறங்கியது, உறுமல் அப்படியே இருந்தது. அப்போது சக்கரம்தான். அகலமான வளைவுகளில் வலப்பக்கம் திருப்பினால் சத்தம் கூடியது, இடப்பக்கம் திருப்பினால் குறைந்தது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். ஆகவே கோளாறு இடப்பக்கம்.

இதுவரை சரியாகத்தான் வந்தேன். முன்னா பின்னா என்பதில்தான் தவறினேன். மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்ரன்ட் லெஃப்ட்தான் தம்பி, மாத்திடலாம்" என்றார். எனக்கும் காலடியிலிருந்து வருவதுபோலவே இருந்ததால் தலையாட்டிவிட்டேன். மாற்றினார், காசும் கொடுத்தாயிற்று. உறுமல் போகவில்லை. சின்ன வண்டியின் தகட்டு உடம்பு சத்தத்தை எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் கடத்திவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து காதை நம்பவே கூடாது.

அடுத்த ஞாயிறு நானே இறங்கினேன். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பிளே (தளர்ந்த ஆட்டம்) எதுவும் இல்லை. பிளே இல்லாவிட்டால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அது தப்பு. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தபோதுதான் பிடிபட்டது. காதில் ஒன்றும் கேட்கவில்லை. விரலில் மட்டும், மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பதுபோல ஒரு நறநறப்பு. வலப்பக்கம் அதே மாதிரி பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

சக்கரத்தைக் கழற்றிய பின், பேரிங் உட்கார்ந்திருக்கும் பிரேக் டிரம் சுலபத்தில் வரவில்லை. மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி, நட்டைக் கழற்றியும் அசையவில்லை. அதே மெக்கானிக் அண்ணனிடம் ஸ்லைடு ஹாமர் (எடையைச் சறுக்கி அடித்து இழுக்கும் கருவி) இரவல் வாங்கி நாலு இழுப்பு இழுத்தேன், வந்தது. உள்ளே இருந்த பிரேக் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

டிரம்முக்குள் இரண்டு பேரிங், நடுவே இடைவெளி காக்கும் குழாய் போன்ற ஒரு ஸ்பேசர். உள்பக்க பேரிங்கின் கிரீஸ் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. பேரிங்கை உடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, ரேஸை, அதாவது குண்டுகள் ஓடும் வளையத்தை, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வளையத்தில் சம இடைவெளியில் கறுத்த புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள தூரம்தான். வண்டி தண்ணீரில் அசையாமல் நின்றபோது, ஒவ்வொரு குண்டும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் துரு கடித்திருக்கிறது. அப்புறம் ஓட ஓட அந்தப் புள்ளிகள் குழியாகி, குண்டு ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்ததுதான் நாங்கள் கேட்ட உறுமல். அந்த வளையத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் வெள்ளம் அப்படியே அதில் பதிந்து கிடந்தது.

புது பேரிங்குகளை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, டிரம்மை வெயிலில் காயவிட்டு, பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டி இறக்கினேன். அடி வெளி வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டு வழியாக அதிர்ச்சி போய், புதுசிலேயே தழும்பு விழுந்துவிடும். பேரிங்கின் மூடியுள்ள பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும். முதல் தடவை ஸ்பேசரை மறந்து இரண்டாவது பேரிங்கை இறக்கத் தொடங்கிவிட்டேன், பாதியில் நினைவு வந்து தட்டி எடுத்தேன். ஸ்பேசர் இல்லாமல் நட்டை முறுக்கினால் உள் வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, பேரிங் சீக்கிரமே சூடேறிப் போய்விடும். தட்டி எடுத்த பேரிங்கை மறுபடி போட மனம் வரவில்லை, இன்னொன்று வாங்கினேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள இடத்தில் பாதிக்கும் குறைவாக லித்தியம் கிரீஸ், டார்க் ரிஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) மேனுவல் சொன்ன இறுக்கம், புது ஸ்பிலிட் பின். அவ்வளவுதான்.

மறுநாள் அதிகாலை அப்பாவை உட்கார வைத்து ஓ.எம்.ஆர். பக்கம் 70 வரை ஓட்டினேன். உறுமல் அறவே இல்லை. இருபது கிலோமீட்டர் போய் நிறுத்தி இரண்டு பின் டிரம்மின் நடுவிலும் கை வைத்துப் பார்த்தேன், ஒரே மாதிரி இளஞ்சூடு. வலப்பக்கமும் அதே தண்ணீரில்தான் நின்றது. இன்று வழவழவென்று இருந்தாலும், அதற்கும் ஒரு செட் பேரிங் வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அதைத் திறக்கிறேன்.