வீடு கட்டும்போதே பிள்ளைகளை எண்ண வேண்டும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் அடுக்குமாடிகளைப் பார்ப்பார்கள், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைப் பார்ப்பார்கள். அவற்றுக்குப் பின்னால் அரை கிரவுண்டு மனையில் நான்கு, ஐந்து போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் தெருக்கள் கண்ணில் படாது. கட்டட வேலை, வீட்டு வேலை, செக்யூரிட்டி, டெலிவரி என்று பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியை.

அரசுப் பள்ளி நிரம்பி வழிகிறது என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தோஷம். சேர்க்கை குறைகிறது என்றே கேட்டுப் பழகியவர்கள். மாநில அளவில் அது உண்மைதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். வெளி மாவட்டங்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு நடக்கும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அந்த ஊர்களின் குடும்பங்கள் எங்கும் மறைந்துவிடவில்லை, இங்கே வந்திருக்கின்றன. திருவண்ணாமலைப் பக்கம் காலியான பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை எங்கள் பள்ளியில் தரையில் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்கு வந்து பார்த்தால் புரியும். தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வட்டமாக உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல முறை அது. முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் மூன்று வட்டமும் அழகாக அமையும். அறுபதைத் தாண்டிய அறையில் வட்டம் போட இடமில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்கிறார்கள். ஆசிரியை நடந்து போய்ப் பின்வரிசைப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்க வழியில்லாமல், முன்னால் நின்று சத்தமாகச் சொல்லி எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைக்கிறார். அடுத்த வகுப்புக்குப் போகும்போது எந்தப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிகிறது. மதியம் சாப்பாடு இரண்டு பந்தி. இடைவேளையில் கழிப்பறை வரிசை முடிவதற்குள் மணி அடித்துவிடும். பெரிய பெண்கள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்.

"இடமில்லை" என்று நாங்கள் சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. தரக்கூடாது என்பதே என் எண்ணமும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை, சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. தீபாவளி முடிந்து வந்த ஓர் அம்மா, "தரையில உக்காந்தாலும் பரவால்ல டீச்சர், சேத்துக்குங்க. காலையில சாப்பாடு போடுறீங்கல்ல, நான் ஆறு மணிக்கே வேலைக்குப் போவணும்" என்றார். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு இப்படிப்பட்ட வீடுகளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்க்கிறேன். இடநெருக்கடிக்கு ஷிப்ட் முறை வைக்கலாமே என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். தாயும் தகப்பனும் விடியற்காலையில் கிளம்பிவிடும் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை பாதி நாள் யாரோடு இருக்கும்?

சட்டப்படி தொடக்கநிலையில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4. விதி தெளிவாக இருக்கிறது. எண்ணும் நாளில்தான் சிக்கல். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கிறது. அதில் கூடுதல் பணியிடத்துக்குத் தகுதி வந்தாலும், அது அனுமதியாகி, கலந்தாய்வில் ஒருவர் எடுத்து வந்து சேர்வதற்குள் அடுத்த செட் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் மாதம் 7,500 ரூபாய்க்குத் தற்காலிக இடைநிலை ஆசிரியர் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது காலிப் பணியிடங்களுக்குத்தான். அனுமதியே வராத இடம் காலியிடம் ஆகாது.

வரப்போகும் பிள்ளைகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா என்றால், தாராளமாகலாம். ஆனால் வழக்கமான பதிவேடுகள் புறநகரில் உதவாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-இல். அப்போது இந்தத் தெருக்களில் பாதி வயல். பிறப்புப் பதிவேடும் அப்படித்தான்: தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் பிள்ளை பிறந்தது செஞ்சியிலோ போளூரிலோ இருக்கும், பதிவும் அங்கேயே. எங்களுக்குக் கைகொடுத்தது அங்கன்வாடிப் பதிவேடும், கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசிப் பட்டியலும். ஐந்து வயதில் போடும் ஊக்கத் தடுப்பூசிக்கு யார் யார் வரவேண்டும் என்று அவர் தெருவாரியாக வைத்திருக்கிறார். அங்கன்வாடி டீச்சர், செவிலியர், எங்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மூவரும் உட்கார்ந்து ஒரு நீளக் கோடு போட்ட நோட்டில் தெருப் பெயர், போர்ஷன் எண்ணிக்கை, பிள்ளை பெயர், வயது என்று எழுதினார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளையும் சேர்த்தார்கள். ஜூனில் வந்த எண்ணிக்கை அந்த நோட்டைவிட்டு அதிகம் விலகவில்லை. அதை மேலே தெரிவிக்க நான் நிரப்பும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏறுவது சேர்ந்த பிள்ளை மட்டும்.

ஆசிரியரைப் பிறகு கேட்டு வாங்கலாம், கட்டடத்தையும் வாங்கலாம். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் எங்களுக்கே இரண்டு வகுப்பறைகள் கிடைத்தன. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை இடித்தார்கள், எங்கள் ஓட்டுக் கட்டடமும் அதில் போனது. இடித்தது சரியே. கும்பகோணத்தில் 2004-இல் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. நெருக்கியடித்த பள்ளியில் தீப்பிடித்தால் என்னாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கட்டியதும் இடித்ததும் சரிக்குச் சரியாகி, இருப்பில் ஒரு வகுப்பறைகூடக் கூடவில்லை. இன்னும் கட்டுவதென்றால் விளையாட்டிடத்தில்தான் கட்ட வேண்டும்.

நிலம் போனால் திரும்பாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது, அதில் கைவைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் குடியிருக்கும் தெருக்களோ அந்த அளவைத் தொடாமல் துண்டு துண்டாகப் பிரித்து விற்றவை. நூறு சிறு மனைப்பிரிவுகள் சேர்ந்து ஓர் ஊர் ஆகும்போது, அந்த ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கணக்குப் போடவில்லை. மனைக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் கல்வித் துறைக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புறம்போக்கு நிலம் ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. அதைப் பள்ளிக்கு ஒதுக்கக் கேட்டு மேலாண்மைக் குழு மனு கொடுத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். அந்த நோட்டை நகலெடுத்துத் தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அங்கன்வாடியில் இப்போது இரண்டு, மூன்று வயதில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் அன்று தவறாமல் வரமுடியுமா என்று கேட்டோம். விடுமுறை நாள் என்பதால் பெரும்பாலானவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.