மண் ஆய்வு வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் போர்லாக் எழுதிப் பழகுங்கள்

நாகர்கோவில் பக்கம் சிவில் முடித்தவர்களும் ஜியாலஜி படித்தவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: மண் ஆய்வு, சுற்றுச்சூழல் கன்சல்டன்சி வேலைக்குள் எப்படி நுழைவது? ரிக் (துளையிடும் இயந்திரம்) பக்கத்தில் நின்று போர்லாக், அதாவது துளையில் எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற பதிவு, எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சாஃப்ட்வேர் கோர்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்டர்வியூவில் எஸ்.பி.டி. பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். துளையின் அடியில் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மண்ணின் உறுதியை அளக்கும் சோதனை அது. 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரம், 15 செ.மீ. வீதம் மூன்று முறை அடிகளை எண்ணி, கடைசி இரண்டை மட்டும் கூட்ட வேண்டும். இவ்வளவும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். முதல் 15 செ.மீ. ஏன் கணக்கில் வராது? துளையிடும்போது அடிமண் கலைந்துபோயிருக்கும். சைட்டில் நின்றவருக்கு இது யோசிக்காமலே வரும்.

நம் மாவட்டத்து மண்ணே நல்ல வாத்தியார். செம்மண் மேடுகளில் மேலே வெட்டுக்கல் கெட்டியாக இருக்கும். கீழே போகப்போக வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மெத்தென்ற களிமண் வரலாம். மேலடுக்கை மட்டும் நம்பி துளையை நிறுத்தக் கூடாது. "தம்பி, பாறை வந்தாச்சு, நிறுத்திரலாமா?" என்று டிரில்லர் அண்ணன் கேட்பார். அது மண்ணுக்குள் கிடக்கும் தனி உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம். இன்னும் 3 மீட்டராவது கோர் (உருளையாக வெட்டியெடுக்கும் பாறை மாதிரி) எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வண்டலா களிமண்ணா என்று சந்தேகம் வந்தால், ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். வண்டல் என்றால் மேலே நீர் பளபளக்கும், அமுக்கினால் அந்தப் பளபளப்பு மறையும். களிமண்ணில் அப்படி வராது. லேப் ரிசல்ட் வரும் முன்பே லாக்கில் எழுத இந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

சுற்றுச்சூழல் பக்கம் போனால் மாதிரி எடுக்கும் முறைதான் உயிர். பெட்ரோல் பங்க் கசிவு மாதிரியான இடத்தில் ஜாடியில் காற்றிடம் விடாமல் நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தேடிப்போன பொருள் ஆவியாகிவிடும். இன்னொன்று, ஓர் இடத்தின் இயற்கை அளவு தெரியாமல் மாசு என்று எழுதிவிடாதீர்கள். நம் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதனுடன் கதிரியக்கமுள்ள தோரியமும். அங்கே கதிர்வீச்சு கூடுதலாகக் காட்டுவதற்கு எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை.

அரசு வேலைதான் வேண்டும் என்றால், ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், மத்திய நிலத்தடி நீர் வாரியம் இரண்டுக்கும் அதுவே வழி. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்விலும் சுற்றுச்சூழலுக்கெனத் தனித்தாள் 2021 முதல் இருக்கிறது.

தனியாரில் தொடக்கச் சம்பளத்தை விட, எவ்வளவு நாள் சைட்டில் நிற்க விடுவார்கள் என்பதைக் கேளுங்கள். பயோடேட்டாவுடன் நீங்களே எழுதிய ஒரு போர்லாக்கையும் இணையுங்கள். கம்பெனியிடம் அனுமதி வாங்கி, வாடிக்கையாளர் பெயரையும் இடத்தையும் நீக்கிய பிறகு மட்டும் அனுப்புங்கள்.