அம்மாவோடு ஒலிம்பிக் பூங்காவுக்கு: தர்மபுரியில் போட்ட திட்டம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது ஒலிம்பிக் தேசியப் பூங்கா. பனி மூடிய மலை, பாசி படர்ந்த மழைக்காடு, பசிபிக் கடற்கரை மூன்றும் அந்த ஒரே பூங்காவுக்குள் வந்துவிடுகின்றன. தங்கை சியாட்டிலில் குடியேறிய நாளிலிருந்து அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. இப்போது விசாவும் கிடைத்துவிட்டது. ஆடிப்பெருக்கைப் பென்னாகரத்தில் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அது நல்லதாகவே போயிற்று. அந்தக் காட்டுக்கு ஆகஸ்ட்தான் சரியான மாதம்.

காரணம் மழை. நம் தர்மபுரியில் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிறது. அங்கே ஹோ மழைக்காட்டில் 3,500 மில்லிமீட்டருக்கும் மேல். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலையின் மேற்குச் சரிவில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு மறுபக்கம் உள்ள ஸ்குவிம் என்ற ஊருக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 400 மில்லிமீட்டர்தான், நமக்குக் கிடைப்பதில் பாதி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுப்பதால் நம் பக்கம் காய்கிறதே, அதே கதைதான். ஹோ காட்டின் பெருமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் வெயில் பார்க்கலாம். 2024 டிசம்பரில் புயல் வெள்ளம் அந்தக் காட்டுக்குப் போகும் ஒரே சாலையை அரித்துவிட்டது. திரும்பத் திறந்தது 2025 மே மாதத்தில்தான். ஆகவே எந்த மாதம் போனாலும் கிளம்பும் முன் பூங்காவின் சாலை அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

வரைபடத்தைப் பார்த்தால் எல்லா இடமும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பூங்காவில் ஏறக்குறைய 95 சதவீதம் கைபடாத காடாகவே காக்கப்படுவதால் நடுவில் குறுக்கே போக ரோடு கிடையாது. 101-ஆம் நெடுஞ்சாலை மலையைச் சுற்றி வருகிறது, அதிலிருந்து கிளைச்சாலைகள் உள்ளே போய் முட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் போய், வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். போர்ட் ஏஞ்சலஸ் ஊரிலிருந்து ஹோ காட்டுக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது. "அக்கா, சியாட்டிலிலிருந்து காலையில் போய்ட்டு ராத்திரி வந்துடலாம்னு இங்கே நிறைய பேர் சொல்வாங்க. அம்மாவை வெச்சுக்கிட்டு அப்படிப் போகவே கூடாது" என்று தங்கை சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் முதலில் போர்ட் ஏஞ்சலஸில் தங்குகிறோம், அப்புறம் மேற்கே ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு மாறுகிறோம். காட்டுக்கும் கடலுக்கும் ஃபோர்க்ஸ் நடுவில் இருக்கிறது.

போகும் வழியும் அம்மாவுக்குப் பிடிக்கும். சியாட்டிலில் காரோடு படகில் ஏறினால் 35 நிமிடத்தில் பெய்ன்பிரிட்ஜ் தீவு. அதைத் தாண்டி ஹூட் கால்வாயில் தண்ணீரின் மேல் மிதக்கிற பாலம். போர்ட் ஏஞ்சலஸிலிருந்து ஹரிக்கேன் ரிட்ஜ் என்ற முகட்டுக்குக் கார் போகிறது. உயரம் சுமார் 1,600 மீட்டர், ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே இருந்த பெரிய கட்டடம் 2023 மே மாதத்தில் எரிந்துவிட்டதால் சாப்பாட்டுக்கு அதை நம்பிப் போகக் கூடாது.

நான் ஏங்கிக் காத்திருப்பது ஹோ காட்டுக்குத்தான். சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், அகன்ற இலை மேப்பிள் என்று வானம் மறைக்கும் மரங்கள். பாசி கிளையெல்லாம் மூடித் தொங்கும். ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அதன் முதுகிலேயே புதுக்கன்றுகள் முளைக்கின்றன. பல வருடம் கழித்து அடியில் கிடந்த மரம் மக்கிப்போக, மேலே வளர்ந்தவை ஒரே வரிசையில், வேருக்கு அடியில் வெற்றிடத்தோடு நிற்கும். இன்னொன்றும் படித்தேன். மேப்பிள் மரங்கள் தங்கள் கிளைகளிலிருந்தே வேர் விட்டு, அங்கே சேர்ந்த பாசி மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சுகின்றன. இந்தக் காட்டில் மரமேறி ஆராய்ந்து 1981-இல் அதை உலகத்துக்குச் சொன்னவர் நளினி நட்கர்ணி, இந்திய வம்சாவளி அமெரிக்கர். அந்த வேர்களைக் கீழே நின்று பார்க்க முடியாது. ஆனாலும் மேலே அப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பது வேறு அனுபவம்தானே.

அம்மாவின் முட்டிக்கு அங்கே தோதான பாதை இருக்கிறது. பாசி மண்டபம் என்று சொல்லக்கூடிய ஹால் ஆஃப் மாஸஸ் பாதை சுற்றி வர ஒன்றேகால் கிலோமீட்டர்தான். கோடையில் வாகன நிறுத்தம் நிறைந்துவிட்டால் நுழைவாயிலில் வரிசை நீண்டுவிடும். ஆகவே விடிந்ததும் கிளம்புகிறோம். ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய மான்களும் கண்ணில் படலாம். அவற்றைக் காக்கத்தான் 1909-இல் இந்த இடம் முதலில் பாதுகாக்கப்பட்டது. தேசியப் பூங்கா ஆனது 1938-இல். எந்த விலங்கானாலும் 45 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

கடற்கரைக்கு வருகிறேன். இதைத்தான் அதிகம் யோசித்தேன். ஒகேனக்கல் கிளம்பும் முன் நம் ஊரில் எல்லாரும், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று கேட்போம். நீர்வரத்து கூடினால் பரிசல் ஓடாது, குளிக்கவும் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே ரியால்டோ கடற்கரைக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய கணக்கு, கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும். பக்கத்தில் இருக்கும் லா புஷ் என்ற இடத்துக்கான அட்டவணையை அரசே வெளியிடுகிறது. கடல் ஏறிய நேரத்தில் சில பாறை முனைகளைச் சுற்றிப் போகவே முடியாது, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் மேலே செங்குத்துப் பாறை. கரையில் யானை யானையாகக் கிடக்கும் மரங்களை ஓர் அலை தூக்கிப் புரட்டிவிடும், ஆளைக் கொன்றும் இருக்கின்றன. ஆகவே அலை வரும் நேரத்தில் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்கவே கூடாது. தண்ணீரும் உறையவைக்கும் குளிர். கால் நனைப்பதோடு சரி.

வற்றும் நேரத்தில் போனால் பாறைக் குழிகளில் நட்சத்திர மீனும் கடல் சாமந்தியும் பார்க்கலாம். ஓட்டைப் பாறை வரை போக ஒரு பக்கம் இரண்டரை கிலோமீட்டர், அதுவும் கூழாங்கல்லில். அம்மா அவ்வளவு நடக்க மாட்டார். நானும் தங்கையும் போய் வரும்வரை மாப்பிள்ளை அவரோடு இருப்பார். லா புஷ் கிலியூட் பழங்குடியினரின் ஊர் என்பதால் அங்கே அவர்கள் சொல்லும் விதிப்படிதான் நடக்க வேண்டும்.

துணிமணி விஷயத்தில் அம்மாவோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. புடவைதான் கட்டுவேன் என்கிறார். சரி, உள்ளே கம்பளிச் சட்டை, மேலே மழைக்கோட்டு, காலுக்கு ஷூ. ஓசூரில் வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு இப்போதே தினமும் காலையில் தெருவில் நடந்து பழகுகிறார். சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் தங்கை கட்டி எடுத்துவருவாள். மிச்சத்தைக் காட்டில் வைக்காமல் காருக்குள் பூட்டிவிட வேண்டும், ரக்கூன்களும் கரடிகளும் மோப்பம் பிடித்து வரும். பல இடத்தில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு, ஃபோர்க்ஸில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேதி மட்டும் பாக்கி இருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக வற்றும், கோடையில் அந்த வற்றம் அங்கே பெரும்பாலும் காலை நேரத்தில் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். உடனே சுவரில் இருந்த தினசரி காலண்டரை எடுத்து, ஆவணி அமாவாசை வரை தாளைத் தள்ளிப் பார்த்தார். "அமாவாசைக்கு மறுநாள் கடலுக்குப் போலாம், காட்டுக்கு அதுக்கு முந்தியே போய்டலாம்" என்றார். லா புஷ் அட்டவணையோடு சரிபார்த்தேன், அந்தக் காலையில் நல்ல வற்றம். ஃபோர்க்ஸில் அறை அந்தத் தேதிக்கே போட்டாயிற்று.