இல்லாத வாய்க்கால்

2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த பிறகு, கேரளத்தின் குட்டநாட்டில் எங்கெல்லாம் தண்ணீர் நின்றது என்று வரைபடம் தயாரிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. வானத்தை மேகம் மூடியிருந்த நாட்கள் அவை. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களையே நம்பினோம். அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் தெறிக்கவிடும். ஆகவே படத்தில் கறுப்பாக விழும். கறுத்த இடங்களைக் குறித்தால் போதும் என்றுதான் தொடங்கினேன்.

குட்டநாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்த வயல்களில், 'புஞ்சா' எனப்படும் நெற்பருவத்தின் அறுவடைக்குப் பின் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது வழக்கம்தான். வழக்கமான நீரையும் வெள்ளத்தையும் பிரித்தறிய முந்தைய ஆண்டுகளின் படங்களும் தேவைப்பட்டன. ஒரு படத்தில் 40 கோடிக்கு மேல் பிக்சல்கள். ரேடார் படத்துக்கே உரிய பொரிப்பொரியான இரைச்சலைக் குறைக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் 7×7 சதுரத்தில் உள்ள 49 மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுமதிப்பை எடுக்க வேண்டும். மாலையில் ஓடவிட்டால் விடை மறுநாள் காலையில்தான் வரும். இதனால் நீருக்கும் நிலத்துக்குமான எல்லை மதிப்பை ஒருமுறை வைத்துவிட்டு, மாற்றிப் பார்க்கத் துணியாமல் இருந்தோம். அதுதான் என்னை உறுத்தியது.

ஒரு பிக்சலின் கணக்கு இன்னொன்றின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்கள் கொண்ட ஜிபியு என்னும் கணினி கார்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனாலும் என் முதல் முயற்சியில் நேரம் பாதிகூடக் குறையவில்லை. படத்தை வரி வரியாக அனுப்பியிருந்தேன். கார்டு கணக்குப் போட்ட நேரத்தைவிடத் தரவுக்காகக் காத்திருந்த நேரம் அதிகம். பெரிய கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டம் கணக்கில் இருக்கும்போதே அடுத்ததை ஏற்றும்படி மாற்றினேன். இரவு முழுவதும் ஓடிய வேலை ஒரு தேநீர் இடைவேளைக்குள் அடங்கியது.

முதல் வரைபடத்தை, ஆலப்புழைக்காரரான சக ஆய்வாளரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் ஒரு மெல்லிய நீர்க்கோட்டில் விரல் வைத்தார்.

"இது என்ன, சார்?"

"வாய்க்கால்தானே, மேடம்?"

"இங்கே வாய்க்கால் கிடையாது. என் அம்மா வீட்டுக்குப் போகும் வழி இது."

பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோடு நான் வெட்டிய கட்டத்தின் விளிம்பு. விளிம்புப் பிக்சல்களுக்குப் பக்கத்துக் கட்டத்தின் மதிப்புகள் கிடைக்காமல், அந்த இடங்களைச் சுழியம் நிரப்பியிருந்தது. நடுமதிப்பு சரிந்து, காய்ந்த நிலம் தண்ணீராகியிருந்தது. வாய்க்கால்கள் பின்னிக்கிடக்கும் ஊரில் அது என் கண்ணில் படவே இல்லை. வேறு எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அப்படியே நிவாரணக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிலும் மூன்று பிக்சல் கூடுதலாக வெட்டி மீண்டும் ஓட்டினேன். கோடு மறைந்தது. அவர் எழுந்து போகாமல் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லை மதிப்பைச் சற்றுக் கூட்டச் சொன்னார், பிறகு குறைக்கச் சொன்னார், 2017 ஆகஸ்ட் படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அன்று மாலைக்குள் பதினோரு முறை ஓட்டினோம்.