முகத்தை மட்டும் ஏத்துங்க

சின்னத்திரைத் தொடர்களுக்குக் கலர் கிரேடிங் செய்வது என் வேலை. காட்சிகளின் வெளிச்சமும் நிறமும் ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வைக்க வேண்டும். இந்த அறையில் நான் அதிகம் கேட்பது இதைத்தான்: "தம்பி, ஹீரோயின் முகத்தைக் கொஞ்சம் ஏத்துங்க." முகத்தைச் சுற்றி மாஸ்க் போட்டு, அதாவது படத்தில் அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரித்து, வெளுப்பாக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் கதாநாயகன் மாநிறமாகவே இருந்துகொள்ளலாம், ஆம்பளை. வீட்டுவேலை செய்பவராக வரும் பெண்ணையும் ஏற்றச் சொல்வதில்லை. அடியாள் வந்தால் இறக்கச் சொல்வார்கள். யார் நல்லவர், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் வசனத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கறுப்பான பெண்ணின் கதை என்று தொடர் எடுக்கும்போது நடப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வெளுப்பான நடிகையைக் கூட்டிவந்து கறுப்பு மேக்கப் பூசுகிறார்கள். குளோசப்பில் காதுமடலுக்குப் பின்னால் ஒரு நிறம், விரலிடுக்கில் வேறு நிறம், வியர்த்தால் கழுத்தில் திட்டுத்திட்டாக. அதையும் நான்தான் சரிசெய்து தர வேண்டும். உண்மையிலேயே அந்த நிறமுள்ள நடிகை அதே தொடரில் தோழியாக வந்துபோவார்.

கேட்டால், "கறுப்பு கேமராவில் எடுபடாது" என்பார்கள். ஃபிலிம் காலத்தில் அது எடுபடாமல் போனதற்குக் காரணம் இருந்தது. 1950கள் முதல் கோடாக் ஃபிலிம் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படங்களில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் தோலை வைத்துத்தான் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்த்தார்கள். கறுப்பின மக்களின் முகங்கள் விவரமே இல்லாமல் இருண்டு விழுந்தன. சாக்லேட்டும் மரச்சாமான்களும் படத்தில் சரியாக வரவில்லை என்று கம்பெனிகள் புகார் சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்தத் தொடங்கினார்கள் என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். மனிதர்களுக்காக நடந்திருக்க வேண்டிய திருத்தம் அது.

இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு அந்தச் சாக்கு செல்லாது. என் மேசையில் உள்ள, படத்தின் நிறத்தை அளந்து காட்டும் வெக்டார்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ, எல்லார் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வெளிச்சத்தின் அளவுதான் மாறும். நல்ல லைட்டிங் வைத்தால் கறுப்புத் தோலின் மினுமினுப்பு திரையில் எவ்வளவு அழகாக வரும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நிறம் குறைந்தவர்களை மட்டமாகக் காட்டக்கூடாது என்று 2014இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதி போட்டது. ஆனால் அது சிகப்பழகு கிரீம் மாதிரியான பொருட்களின் விளம்பரங்களுக்கு, தொடர்களுக்கு இல்லை.

இப்போதெல்லாம் யாராவது ஏற்றச் சொன்னால், முகத்தைத் தொடாமல் மொத்த ஃபிரேமுக்கும் வெளிச்சம் கூட்டிக் காட்டுகிறேன். சில இயக்குநர்கள் சரி என்கிறார்கள். பலர், "சேனலில் ஒத்துக்க மாட்டாங்க, ஜனங்களுக்குப் பிடிக்காது" என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஜனங்களில் ஒருவரையும் இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.